பதினேழு பேருக்கு எழுதிய ப்ளூஸ்

பேருந்துப் பணிமனையின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் ஊழியர் இசைக்குழு என்ன வாசிப்பது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் போட்டார்கள். ஆறு நிமிடத்தில் அது முடிந்துவிட்டது. குழுவை நடத்துகிற ஃபோர்மேன் கையில் ஓர் இசைத்தட்டோடு வந்தார், அதை மேசைமேல் வைத்தார், "இதுல மூணாவது பாட்டு" என்றார். வேறு யோசனை யாருக்காவது இருக்கிறதா என்றும் கேட்டார். டயர் பிரிவில் வேலை பார்க்கும் மூன்றாவது டிராம்போன்காரர் கையைத் தூக்கினார். "கையைக் கீழ போடு" என்றார் ஃபோர்மேன். எல்லாரும் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

மூன்றாவது பாட்டின் பெயர் 'லிஃப்ட் வேலை செய்யவில்லை'. டெனர் சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று நாலே பேர் வாசித்த ப்ளூஸ் என்ற மேற்கத்திய வகைப் பாட்டு. நாலு தட்டு ஒரு பார், பன்னிரண்டு பார் சேர்ந்தால் ஒரு சுற்று. அந்தச் சுற்றே திரும்பத் திரும்ப வரும். மூன்று சுரம் ஏறும், நிற்கும். இன்னும் மூன்று சுரம் ஏறும், நிற்கும். பாட்டில் பாதிக்கு மேல் நிற்பதுதான். அதை எழுதிய பியானோக்காரருக்கு ஓர் அக்காள் உண்டு. அவள் இதே பணிமனையின் கால அட்டவணைப் பிரிவில் வேலை பார்த்தாள். ஃபோர்மேன் தட்டை எடுத்துக்கொண்டு நேரே அவள் மேசைக்குப் போனார்.

பணிமனையில் எல்லாரும் அவளை அட்டவணை மேடம் என்பார்கள். நூற்று நாற்பது பேருந்துகளில் எது எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், ஓட்டுநர் எப்போது தேநீர் குடிக்க வேண்டும் என்று எழுதுவது அவள் வேலை. இசைக்குழுவில் யார் எந்த இடத்தில் எந்தச் சுரத்தை வாசிக்க வேண்டும் என்று தாள் எழுதிக் கொடுப்பதும் அவள்தான். இரண்டையும் ஒரே பென்சிலால் செய்தாள்.

"நாலு பேர் வாசிச்சதைப் பதினேழு பேருக்குப் பிரிச்சுக் குடுக்கணும். எட்டு வாரம் இருக்கு" என்றார் ஃபோர்மேன்.

"பிரிச்சுக் குடுக்க இது என்ன சார், பாகப்பிரிவினையா?"

"அது எதுவோ. யாரும் சும்மா உக்காந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். மேலாண்மை இயக்குநர் முன் வரிசையில இருப்பாரு. ஒருத்தன் வாத்தியத்தை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, இந்த ஆள் எதுக்குன்னு கேப்பாரு. நான் என்ன சொல்றது?"

"அந்த இடத்துல அவருக்கு ஓய்வுன்னு சொல்லுங்க."

"ஓய்வுங்கிற வார்த்தையை அவர் காதுல போட்டுடாதீங்க மேடம். போன வருஷம் ரெண்டு பேருக்கு அப்படித்தான் குடுத்து அனுப்பினாரு."

எழுதித் தருகிறேன் என்று அவள் ஒப்புக்கொண்டாள். அந்தத் தட்டில் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் நான்கு வருடம் முன்பு வரை தன் கணவராக இருந்தவர் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தாள். பணிமனையில் எல்லாருக்கும் அது தெரியும். தெரியாத ஒரே ஆள் ஃபோர்மேன்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

அன்று மாலை தம்பிக்கு ஃபோன் செய்து அனுமதி கேட்டாள்.

"அக்கா, அதுல பாதி வெறும் இடம். வெறும் இடத்தைப் பதினேழு பேர் எப்படி வாசிப்பாங்க?" என்றான் அவன்.

"அதைத்தான் யோசிக்கணும்."

"தனியா ஒருத்தன் மூட்டை தூக்கிட்டு மாடிப்படி ஏறுறான். அவ்வளவுதான் பாட்டு. நீ ஊர்வலத்தையே ஏத்தப் போற."

"லிஃப்ட் வேலை செய்யலைன்னா எல்லாரும்தானேடா ஏறணும்."

"அத்தான்கிட்ட சொல்லிட்டியா?" என்றான்.

"எந்த அத்தான்?"

"எனக்கு இருக்கிறது ஒரு அத்தான்தான்."

"அது முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு."

"விவாகரத்து உனக்குத்தானே ஆச்சு. எனக்கு ஒரு கடிதாசும் வரலையே."

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். மெட்டைப் பிரிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. முதல் வரியை பாஸும் பாரிடோன் சாக்ஸபோனும் மட்டும் வாசிக்கும். படியில் ஏறும் ஆளின் கனம் அதில் வந்துவிடும். இரண்டாவது வரிக்கு மற்ற சாக்ஸபோன்கள் சேர்ந்துகொள்ளும். மூன்றாவது வரியில் எல்லாரும். டிரம்பெட்டுக்காரர்கள் நாலு பேரும் முதல் எட்டு பார் சும்மா இருப்பார்களே என்று ஃபோர்மேன் கவலைப்பட்டார். அவர்கள் அந்த நேரத்தில் வாத்தியத்தின் வாயில் சத்தத்தைக் குறைக்கும் அடைப்பானை மாட்ட வேண்டும் என்று எழுதியிருப்பதை அவள் காட்டினாள். "மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். மெதுவாக மாட்டினால் எட்டு பார் ஆகும் என்றாள். அவருக்குத் திருப்தியாக இருந்தது.

சிக்கல் டெனரின் தனி வாசிப்பில், அதாவது சோலோவில் இருந்தது. தட்டில் அது மூன்று சுற்று நீளம், அந்த நிமிடத்தில் தோன்றியதை வாசித்தது. அதை அப்படியே எழுதி, மேலே அவர் வாசித்த சுரத்தையும் அதற்குக் கீழே நாலு துணைச் சுரங்களையும் வைத்து, ஐந்து சாக்ஸபோன்களும் ஒரே வாயாக வாசிப்பதுபோலச் செய்யலாம் என்று முடிவு செய்தாள். பெரிய குழுவுக்கு எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற வேலைதான். ஆனால் அதற்கு முதலில் அந்த மூன்று சுற்றையும் ஒவ்வொரு சுரமாகக் கேட்டுக் காகிதத்தில் இறக்க வேண்டும். இரண்டு வினாடி கேட்பாள், நிறுத்துவாள், எழுதுவாள், திருப்பிக் கேட்பாள். பதினோரு வருடக் குடித்தனத்தில் அவர் சொன்னதை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அவரும் இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை.

இரண்டாவது சுற்றின் ஐந்தாவது பாரில் அவள் நின்றாள்.

அந்த இடத்தில் பியானோவும் பாஸும் அடுத்த கார்டுக்கு, அதாவது அடுத்த சுரக் கூட்டத்துக்கு, மாறிவிடும். டெனர் மாறாது. பழைய சுரத்தையே பிடித்துக்கொண்டு ஒரு பார் முழுக்க நிற்கும். கேட்கிறவருக்கு உடம்பில் ஏதோ இடறுவதுபோல இருக்கும். அடுத்த பாரிலும் அதையே மறுபடி வாசித்துவிட்டு, பிறகு ஒன்றும் நடக்காததுபோல இறங்கி வந்துவிடும். அது தவறு என்று எல்லா வாத்தியக்காரர்களுக்கும் தெரியும். அந்தத் தட்டில் அதுதான் மிக அழகான இடம் என்பதும் தெரியும். தம்பி அதைப் பற்றிப் பேசும்போது 'அந்த இடம்' என்பான். எது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அது ஏன் வந்தது என்று தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். ஒலிப்பதிவு நடந்த அன்று அவள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வரும் வழியில் டாக்சியில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று இருவருக்கும் சண்டை. சண்டை ஜன்னலைப் பற்றி மட்டும் இல்லை. பாட்டின் நடுவில் அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்தாள், கதவைத் திறந்தாள், வெளியே போய்விட்டாள். கதவை மூடும்போது ஒலிபெருக்கியில் அந்தச் சுரம் அசையாமல் நின்றது. தான் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார், அதனால்தான் விரல் நகரவில்லை என்று புரிந்துகொண்டாள். மூன்று வருடம் கழித்துப் பிரிந்தபோது தட்டுமுட்டுச் சாமான்களை இருவரும் வாக்குவாதம் இல்லாமல் பிரித்துக்கொண்டார்கள். அவர் அலமாரியையும் அவள் பீங்கான் தட்டுகளையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சுரமும் தன் பங்கில் வந்துவிட்டதாக அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

ஆகவே அந்த ஒரு பாருக்கு மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. நாலு டிராம்போன்களைக் கீழே வரவழைத்து, சாக்ஸபோன்கள் அசையாமல் நிற்கும்போது அவை ஒவ்வொன்றாக அரை அரைப் படி இறங்கும்படி எழுதினாள். வாசித்துப் பார்க்க வழியில்லை. மனசுக்குள் கேட்டாள். அந்தக் கதவு மூடுவதும் சேர்ந்து கேட்டது. சரியாக வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

ஒத்திகை கேன்டீனில் நடந்தது. நாலரை மணிக்கு மேசைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு நாற்காலிகளை மூன்று வரிசையாகப் போடுவார்கள். முதல் டெனர் வாசிப்பவர் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காரும் அம்மாள். ஐம்பது வயது, கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு தாளைப் பார்ப்பார். கவுன்ட்டரில் வருகிறவர்களையும் அப்படித்தான் பார்ப்பார். முதல் நாள் அந்தச் சோலோவைப் பார்த்துவிட்டு, "மேடம், இது மனுஷர் வாசிக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். தாளை வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்றாவது வாரம் சாக்ஸபோன் வரிசை முழுக்க அவர் பின்னால் ஓடத் தொடங்கியிருந்தது.

டயர்க்காரர்தான் படுத்தினார். பாட்டு நின்று மூன்று எண்ணிக்கை மௌனமாக இருக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு முறையும், இரண்டாவது எண்ணிக்கையில் அவருடைய டிராம்போன் ஒரு சத்தம் போட்டது.

"ஏங்க, அங்க உங்களுக்கு ஒண்ணுமே எழுதலையே" என்றாள் அவள்.

"அதான் மேடம். ஒண்ணுமே இல்லாம இருந்துச்சா, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அவருடைய தாளில் மட்டும் அந்த இடத்தில் 'மூச்சைப் பிடித்துக்கொள்ளவும்' என்று எழுதினாள். அதன்பிறகு அவர் அந்த மூன்று எண்ணிக்கையும் கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்கள் பிதுங்க, உண்மையாக உழைத்தார். சத்தம் வரவில்லை. ஃபோர்மேன் அவரைக் காட்டி, "பாருங்க, வேலை இருந்தா செய்யறான்" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

ஒத்திகையின் நான்காவது வாரம் ஃபோர்மேன் குச்சியால் மேசையைத் தட்டிவிட்டு, தான் ஒரு காரியம் செய்திருப்பதாக அறிவித்தார். "தட்டோட உறையில ஒரு ஃபோன் நம்பர் இருந்துச்சு. பேசினேன். ரெக்கார்டுல வாசிச்ச டெனர்காரரே நம்ம விழாவுக்கு வந்து வாசிக்கிறேன்னு ஒத்துக்கிட்டாரு. நாளன்னிக்கு ஒத்திகைக்கு வர்றாரு."

கைதட்டலுக்காக அவர் நின்றார். பதினேழு பேரும் அவரவர் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழு ஒரே நேரத்தில், ஒருவர்கூடச் சத்தம் போடாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"என்ன, பிடிக்கலையா?" என்றார் ஃபோர்மேன்.

"நல்ல ஏற்பாடு சார்" என்றாள் அட்டவணை மேடம்.

சொன்னபடி அவர் வந்தார். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் வந்து, "வணக்கம். நல்லா இருக்கீங்களா?" என்றார். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் அவர் வாயில் வராத 'ங்க'. அவளும் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். தாளைக் கொடுத்தாள். முதல் டெனர் தாள் என்பதால் டிக்கெட் கவுன்ட்டர் அம்மாள் தன் நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்து நாற்காலிக்குப் போனார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

அவர் காதால் வாசிக்கிறவர். தாள் பார்த்து வாசிப்பது அவருக்கு எப்போதுமே ஆகாது. அதை அவள் மறந்திருந்தாள். சோலோ தொடங்கியது. நாலு சாக்ஸபோன்கள் ஓடின, அவர் பின்தங்கினார், ஒன்பதாவது பாரில் நின்றேவிட்டார்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான்" என்றாள் அவள்.

"எழுத்து உங்களுது, தெரியுது. இந்தச் சோலோ யார் யோசிச்சது? விரல் போகாத இடத்துக்கெல்லாம் போகுதே."

"அது நீங்க வாசிச்சது."

அவர் தாளைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "எப்ப?"

"ரெக்கார்டுல."

"நானா?"

"நீங்கதான்."

"இவ்வளவு வேகமாவா?"

ஃபோர்மேன் குறுக்கிட்டு, வந்தவருக்கு ஒரு முறை கேட்டால் பிடிபட்டுவிடும், அந்த அம்மாள் வாசிக்கட்டும் என்றார். டிக்கெட் கவுன்ட்டர் அம்மாள் கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளிக்கொண்டு மூன்று சுற்றையும் பிசகில்லாமல் வாசித்தார். மற்ற நாலு பேரும் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது சுற்றின் ஐந்தாவது பாரில் எல்லாரும் அந்தச் சுரத்திலேயே நின்றார்கள். டிராம்போன்கள் கீழே ஒவ்வொன்றாக இறங்கின. அவர் சாக்ஸபோனைக் குடையைப்போல முழங்கையில் மாட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "நல்லா இருக்கு. இது நான்னு சொன்னா யாரு நம்புவா?" என்றார்.

இடைவேளையில் அவள் கேன்டீனுக்கு வெளியே போய் நின்றாள். எதிரே பேருந்து கழுவும் கொட்டகை. ஒரு பேருந்து சோப்பு நுரையோடு நின்றிருந்தது. அவர் இரண்டு தேநீரோடு வந்து ஒன்றைக் கொடுத்தார்.

"ரெண்டாவது சுத்துல அஞ்சாவது பார்" என்றார். "அங்க கீழ ஏன் அப்படி அழுதுகிட்டு இறங்குது?"

"அந்தச் சுரத்துக்கு அது வேண்டியிருந்துச்சு."

"அந்தச் சுரம் தப்பு."

"தெரியும்."

"கழுத்துப்பட்டைக் கொக்கி நழுவிடுச்சு" என்றார் அவர். "வாத்தியம் கீழ விழப் பாத்துச்சு. வலது கையால அதை உடம்போட சேர்த்துப் பிடிச்சேன். அப்ப இடது கையில இருந்தது அந்தச் சுரம். வேற எதுக்கும் போக முடியாது. சரி, ஊதுவோம்னு ஊதினேன். கொக்கியை மாட்ட இன்னொரு பார் ஆச்சு. அதான் ரெண்டு தடவை."

அவள் தேநீரைக் குடித்தாள். சூடு தெரியவில்லை.

"நான் எழுந்து வெளிய போனதைப் பாக்கலையா?"

"எப்ப?"

"அப்பதான்."

அவர் உண்மையாகவே யோசித்தார். "நீ வெளிய போனியா?"

"போனேன்."

"எங்க?"

"தெருவுக்கு."

"நான் கொக்கியையில்ல பாத்துகிட்டிருந்தேன்" என்றார். தேநீரை ஊதிக் குடித்துவிட்டு, "ஏன் போனே?" என்றார்.

"டாக்சியில ஜன்னல்."

"ஆமாமா" என்றார் அவர். "காத்து அடிச்சுது அன்னிக்கு."

அவருடைய தம்ளரை வாங்கித் தன்னுடையதற்குள் செருகிக்கொண்டு அவள் உள்ளே போனாள். முதலில் கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. கொக்கிமேல் கோபப்பட முடியாது. ஏழு வருடம் தன் வீட்டில் ஒரு பெட்டி இருந்தது போல, அதற்குள் விலையுயர்ந்தது எதுவோ இருப்பதாக நினைத்து அதைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறாள், திறந்தால் ஒரு கழுத்துப்பட்டை. அவளுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. வரவில்லை. எல்லார் பகுதியும் சேர்ந்த ஸ்கோரை எடுத்துப் பியானோமேல் விரித்தாள், ரப்பரை எடுத்தாள், அந்த பாரில் டிராம்போன்களை அழிக்கத் தொடங்கினாள். இரண்டு டிராம்போன் போய்விட்டது.

டிக்கெட் கவுன்ட்டர் அம்மாள் சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். "எதுக்கு அழிக்கிறீங்க?"

"இந்த இடத்துக்கு இவ்வளவு வேண்டியதில்லம்மா. அது அவருக்குத் தெரியாம வந்தது."

"அவருக்குத் தெரியாம வந்திருக்கலாம். நான் நாலு வாரமா தெரிஞ்சேதானே வாசிக்கிறேன்."

அவள் ரப்பரைத் தாளிலிருந்து எடுத்தாள்.

"நாள் முழுக்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து, அடுத்து, அடுத்துன்னு சொல்றவ நான்" என்றார் அம்மாள். "இந்தப் பாட்டுல அந்த ஒரு இடத்துலதான் அடுத்துன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அதை மட்டும் விட்டுடுங்க மேடம். மத்ததை என்ன வேணா பண்ணிக்குங்க."

அட்டவணை மேடம் ரப்பர் தூளை ஊதிவிட்டு, அழித்த இரண்டு டிராம்போன்களையும் நினைவிலிருந்து திரும்ப எழுதினாள். இந்த முறை இரண்டு நிமிடம்தான் ஆனது. கதவு மூடும் சத்தம் கேட்கவில்லை. சுரங்கள் அதேதான்.

ஆனால் வேறு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. விருந்தாளி எதை வாசிப்பார்? தாளில் அவருக்கு இடமில்லை. கடைசி ஒத்திகைக்கு முந்தைய ஒத்திகையைக் கேட்கத் தம்பி வந்திருந்தான். மடித்த கையோடு சுவரில் சாய்ந்து முழுவதையும் கேட்டான்.

"நல்லா இருக்கு அக்கா. அட்டவணை மாதிரியே இருக்கு. ஒரு பஸ் போனா இன்னொண்ணு வந்துடுது. அத்தான் எங்க நிப்பாரு?"

அவள் அவனை முறைத்தாள், 'அத்தானு'க்காக. ஆனால் அவன் சொன்னது சரி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மெட்டுக்கும் ஐந்து சாக்ஸபோன் பகுதிக்கும் நடுவில் இருந்த இரண்டு சுற்றைக் காலி செய்தாள். டிரம்பெட் போட்ட சிறு சிறு பதில்கள், டிராம்போன் முட்டுகள் எல்லாம் போயின. பாஸும் டிரம்ஸும் மட்டும் நடக்கும். டெனர் தனக்குத் தோன்றியதை வாசிக்கலாம். எழுதியதைவிட அழித்தது அழகாக இருந்தது. அதை யாரிடமும் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தாள்.

ஃபோர்மேன் தாளைப் பார்த்ததும் எண்ணினார். "இருபத்துநாலு பார். பதினஞ்சு பேர் சும்மா உக்காந்திருப்பாங்க."

"உக்கார வேண்டாம் சார். எழுந்து நிக்கட்டும்."

"நின்னு என்ன பண்ணுவாங்க?"

"நிப்பாங்க. நின்னா அது சும்மா உக்காந்திருக்கிறது ஆகாதில்ல?"

ஃபோர்மேன் இதை வெகுநேரம் யோசித்தார். ஓட்டை எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. "சரி" என்றார்.

விழா சனிக்கிழமை மூன்று மணிக்கு. அறுநூறு பேர் கொள்ளும் மண்டபம். மேலாண்மை இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார். பேருந்துகளின் ஆயுளைப் பற்றி அதில் நிறைய இருந்தது. அதற்குப் பிறகு இசைக்குழு. அவள் மேடையின் ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். தேவைப்படாது என்று தெரிந்தும் பென்சிலைக் கையில் வைத்திருந்தாள்.

பாஸும் பாரிடோனும் முதல் மூன்று படி ஏறின. நின்றன. மௌனத்தில் யாரும் நுழையவில்லை. டிரம்பெட்டுக்காரர்கள் அடைப்பான்களை மிகுந்த பொறுப்போடு மாட்டினார்கள். மெட்டு முடிந்தது. எழுதியபடி பதினைந்து பேரும் எழுந்து நின்றார்கள்.

முன் வரிசையில் மேலாண்மை இயக்குநர் தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தார். மேடையில் இத்தனை பேர் எழுந்து நிற்கிறார்கள், பாஸையும் டிரம்ஸையும் தவிர யாரும் வாசிக்கவில்லை, முகங்கள் தீவிரமாக இருக்கின்றன. இது ஏதோ மரியாதை செலுத்தும் கட்டம் என்று முடிவு செய்து அவரும் எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து முன் வரிசை எழுந்தது. முன் வரிசையைப் பார்த்து இரண்டாம் வரிசை. பத்து வினாடியில் மண்டபம் முழுக்க எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஃபோர்மேன் முதுகைக் காட்டி நின்றதால் இது ஒன்றும் அவருக்குத் தெரியாது.

டெனர்காரர் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் வந்தார். வாசிக்கப் போகும்போது கண்ணைத் திறந்தார். அறுநூறு பேர் தனக்காக எழுந்து நிற்பதைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது திரை ஓரத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. வேகமாக ஏதாவது வாசிப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். மூன்றே சுரம் வாசித்தார். நிறுத்தினார். பாஸ் நடந்தது. இன்னும் மூன்று சுரம். அவர் பயந்துபோய் வாசிக்கிறார் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது. மண்டபத்துக்கு, யாரோ ஒருவர் கனமான எதையோ தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் மூச்சு வாங்குவதுபோலக் கேட்டிருக்கும். இரண்டாவது சுற்றில் பயம் தெளிந்து கொஞ்சம் ஓடினார். ஆனால் மனதில் நின்றது முதல் சுற்றுதான். அவர் அவ்வளவு குறைவாக, அவ்வளவு நன்றாக வாசித்து அவள் கேட்டதில்லை.

குழு உட்கார்ந்தது. மண்டபமும் நிம்மதியாக உட்கார்ந்தது. ஐந்து சாக்ஸபோன்கள் கிளம்பின. டிக்கெட் கவுன்ட்டர் அம்மாள் நடுவில். டெனர்காரர் இரண்டடி தள்ளி, வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு, தாளைத் தொடாமல், கேட்டுக்கொண்டு நின்றார்.

இரண்டாவது சுற்றின் ஐந்தாவது பார், அந்தச் சுரம் வந்தது. எல்லாரும் நின்றார்கள். டிராம்போன்கள் இறங்கின. அவள் அதற்காகத் தன்னைத் தயார் செய்து வைத்திருந்தாள். டாக்சி, கதவு, கண்ணாடி எல்லாம் வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அம்மாள் கண்ணாடி நழுவ, கன்னம் சிவக்க, அந்தச் சுரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் பிடித்திருந்தார். கூட்டத்தில் யாரோ இருமப் போய் அடக்கிக்கொண்டார்கள். இரண்டாவது முறையும் அதே சுரம். அப்போது அட்டவணை மேடத்துக்கு, மூன்றாவது டிராம்போனை அந்த இடத்தில் ஒரு படி மேலே வைத்திருக்கலாமே என்று தோன்றியது. பென்சிலால் உள்ளங்கையில் குறித்துக்கொண்டாள்.

முடிந்த பிறகு மேலாண்மை இயக்குநர் மேடைக்கு வந்து ஃபோர்மேனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எழுந்து நின்ற இடம் மிகவும் பொருத்தமாக இருந்ததாகவும், பணியின்போது மறைந்தவர்களை யாரும் இப்படி நினைத்துப் பார்ப்பதில்லை என்றும் சொன்னார். ஃபோர்மேன் எதுவும் புரியாமல், "எங்க கடமை சார்" என்றார்.

டெனர்காரர் பெட்டியை மூடிக்கொண்டு அவளிடம் வந்தார். ஏதோ சொல்ல நினைத்து, எந்தப் பேருந்தில் போனால் தன் வீட்டுக்குப் பக்கம் என்று கேட்டார். அவள் எண்ணையும் நேரத்தையும் சொன்னாள். நாலு நிமிடம்தான் இருந்தது. அவர் ஓடினார்.

அடுத்த புதன்கிழமை அலுவலகத்தில் ஃபோன் வந்தது.

"நான்தான். அந்த மூணு சுத்துத் தாள் ஒரு காப்பி கிடைக்குமா?" என்றார் அவர்.

"எதுக்கு?"

"கத்துக்கலாம்னு."

அன்றே தபாலில் அனுப்பினாள். அதற்கு அடுத்த புதன்கிழமை மறுபடி ஃபோன்.

"முதல் பக்கம் ஒரு மாதிரி வருது. ரெண்டாவது பக்கத்துல மேல் வரியிலயே மாட்டிக்கிறேன். வாசிக்கிறேன், கேக்கிறீங்களா?"

"ம்."

அவர் வாசித்தார். ஃபோனுக்குள் சாக்ஸபோன் தகரத்தைச் சுரண்டுவதுபோல இருந்தது. அவள் பென்சிலால் மேசையில் தாளம் தட்டிக்கொண்டே கேட்டாள். "அவசரப்படுறீங்க. பாதி வேகத்துல ஆரம்பிங்க. முதல்ல நாலு பார் மட்டும்."

"இப்படியா?"

"இன்னும் மெதுவா."

பக்கத்து மேசை எழுத்தர் தலையைத் தூக்கினார். "யாரு மேடம்?"

அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "சாக்ஸபோன் கத்துக்கிறவர்" என்றாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "திரும்ப முதல்ல இருந்து வாசிங்க" என்றாள்.